கரு ஓடணுமா, உட்காரணுமா?

டார்கெட் லேபில் நான் நுழைந்த முதல் நாள், அங்கே இருந்த அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி எனக்குப் புரியவில்லை.

"கரு ஓடணுமா, உட்காரணுமா?"

ஆய்வில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. அதற்குள் செறிவூட்டிய கடோலினியம்-160, நகத்துணுக்கு அளவுதான். அதைத் தொலைத்துவிடக் கூடாது என்ற பயத்தைத் தவிர என் தலையில் வேறு எதுவும் இல்லை. "சார் அதைப் பத்தி எதுவும் சொல்லலையே அக்கா" என்றேன். "போய்க் கேட்டுட்டு வாம்மா. அது தெரியாம ஃபாயில் போட முடியாது" என்று குப்பியை வாங்கி ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கடோலினியம் காற்றுப் பட்டால் மங்கிவிடும்.

அந்தக் கேள்விக்குள் எங்கள் தொழில் பாதி அடங்கியிருக்கிறது. ஆக்சிஜன்-18 அயனிகளை 80 எம்.ஈ.வி. ஆற்றலுக்கு முடுக்கி கடோலினியத்தில் மோதவிட்டால், இரண்டு கருக்களும் ஒன்றாகி, சூட்டில் நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டு ஹாஃப்னியம்-174 ஆகின்றன. மோதிய வேகத்தில் அந்தப் புதுக் கரு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு நானோ நொடிக்கு 3 மில்லிமீட்டர். இலக்காக வைக்கும் கடோலினிய ஃபாயில் மெல்லியதாக இருந்தால் கரு அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து வெற்றிடத்தில் பறக்கும். பின்னால் ஈயம் பூசியிருந்தால் அதற்குள் புதைந்து நின்றுவிடும்.

பறக்கிற கருவிலிருந்து வரும் காமா கதிரில் டாப்ளர் பெயர்ச்சி இருக்கும். வேகம் ஒரே சீராக இருப்பதால் அதைத் திருத்திவிடலாம். கருவின் சுழற்சி அளவை ஸ்பின் என்போம். மிக உயர்ந்த ஸ்பின் நிலைகள் ஒரு பிகோ நொடிக்குள் அழிந்துவிடுபவை. ஈயத்துக்குள் கரு வேகம் குறைந்துகொண்டே வரும் அந்தச் சில நொடித்துணுக்குகளில் அவை கதிரை வீசினால் கோடு தீற்றிப்போகும். எனவே உயர் ஸ்பின் வேண்டும் என்றால் கரு ஓட வேண்டும். ஆனால் ஓடவிட்டால், நூறு நானோ நொடி தங்கி நிற்கும் ஒரு நிலை சிதையும்போது கரு 30 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். டிடெக்டர்களின் பார்வையிலேயே இருக்காது. தங்கி நிற்கும் நிலைகளைப் பார்க்க அதை உட்காரவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஃபாயிலில் பிடிக்க முடியாது.

என் ஆய்வு வழிகாட்டியான சார் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "உட்காரட்டும்."

ஃபாயில் போடுவதை அன்று முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடிபோல் பளபளக்கும் இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்கு நடுவே அந்தத் துணுக்கை வைத்து, ரோலிங் மெஷினில் விட்டு எடுக்கிறார். திருப்பி வைக்கிறார், மறுபடி விடுகிறார். இடைவெளியை ஒரே திருகாகக் குறைத்தால் ஓரம் வெடித்துவிடும். நூறு தடவைக்கு மேல் உருட்டியிருப்பார். கடைசியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய தடிமன். மூச்சுக்காற்று பட்டாலே புரளும் என்பதால் அதைத் தூக்கும்போது அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். மேசையோரத்தில், உலோகங்களை ஆவியாக்கப் பயன்படுத்தும் டாண்டலம் படகு ஒன்று அடி கறுத்துக் கிடந்தது. விரல் நீளத் தகடு, நடுவில் ஒரு பள்ளம். அதை அன்று நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

அருமண் தனிமங்களிலும் அவற்றை அடுத்து வரும் ஹாஃப்னியத்திலும் எங்களுக்கு ஏன் இத்தனை ஈடுபாடு என்று வீட்டில் கேட்பார்கள். நாவல்பழத்தைக் காட்டித்தான் சொல்வேன். இந்தக் கருக்கள் உருண்டை அல்ல, நாவல்பழம்போல் நீளவாட்டில் இழுபட்டவை. உருண்டையான ஒரு கருவைச் சுழற்றினால் சுழற்றியதற்கு அடையாளமே இருக்காது. குவாண்டம் இயற்பியலில் அடையாளம் இல்லாத சுழற்சி சுழற்சியே அல்ல. நீண்ட கருவுக்கோ ஒரு தலையும் காலும் உண்டு. தலை காலாக, கால் தலையாகக் குட்டிக்கரணம் போட்டுச் சுழலும். நொடிக்கு எத்தனை சுற்று என்று எழுதினால் ஒன்றுக்குப் பின் ஏறக்குறைய இருபது சுழியம் வரும். சுழற்சி ஒவ்வொரு படி குறையும்போதும் ஒரு காமா கதிர். இந்தப் படிவரிசைக்குத்தான் பேண்ட் என்று பெயர்.

ஹாஃப்னியம்-178-இன் அடிப்படைப் பேண்டில் அந்தக் கதிர்களின் ஆற்றல், கீழிருந்து மேலாக, 93, 213, 326, 426 கே.ஈ.வி. இந்த எண்களை இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். படிக்குப் படி இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவு, மேலே போகப் போக லேசாகச் சுருங்குகிறது. திரையில் நிறமாலையை விரித்து, இரைச்சலுக்கு நடுவே வேலிக்கால்கள் ஊன்றியதுபோல் இந்த வரிசை நிற்பதை முதன்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபன்ஹேகனில் ஆகே போரும் பென் மாட்டெல்சனும் 1950-களில் காகிதத்தில் எழுதிய சுழற்சிச் சூத்திரம் அது. அவர்கள் இருவரும் ரெயின்வாட்டரும் 1975-இல் நோபல் பரிசு பெற்றது இந்த வடிவக் கதைக்காகத்தான்.

அந்த லேசான சுருக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. முற்றிய தேங்காயை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். தரையில் வைத்துச் சுழற்றினால் ஓடு சுற்றும், தண்ணீர் உடனே கூடச் சுற்றாது. கருவும் இப்படித்தான். உள்ளே நியூட்ரான்களும் புரோட்டான்களும் இரண்டிரண்டாக இணைசேர்ந்து, உராய்வே இல்லாத திரவம்போல் நழுவுகின்றன. அதனால் மெதுவாகச் சுழலும்போது, அந்த அளவுள்ள கெட்டிப்பொருளின் நிலைமத் திருப்புத்திறனில் பாதிகூடக் கருவுக்கு இருப்பதில்லை. வேகம் கூடக் கூட இணைகள் தளர்கின்றன. 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஜான்சன், ரீடே, ஸ்டார்க்கியர் மூவரும் டிஸ்ப்ரோசியம்-160-இல் விசித்திரம் ஒன்றைக் கண்டார்கள். ஸ்பின் ஏறுகிறது, ஆனால் சுழலும் வேகம் குறைகிறது. படத்தில் வளைவு பின்பக்கமாக மடங்கியது. புயலைச் சுழலவைக்கும் அதே கொரியாலிஸ் விசை, ஓர் இணை நியூட்ரான்களைப் பிரித்து இரண்டையும் சுழற்சி அச்சின் பக்கமாகச் சாய்த்துவிடுகிறது என்று ஸ்டீஃபன்ஸும் சைமனும் அடுத்த ஆண்டு விளக்கினார்கள். அந்த இரண்டு நியூட்ரான்கள் மட்டுமே பெருமளவு ஸ்பின்னைச் சுமந்துகொள்வதால், கரு முழுவதும் வேகமாகச் சுழல வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

இந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட சார் எங்களை விடமாட்டார். கிராஃப் தாளில், பென்சிலால், புள்ளி புள்ளியாக வைக்கச் சொல்வார். வளைவு மடங்கும் இடத்துப் புள்ளியை வைக்கும்போது கை வலப்பக்கம் போகப் பார்க்கும், எண் இடப்பக்கம் இழுக்கும். அந்தத் தடுமாற்றத்தைக் கையால் உணர்ந்த மாணவர் ஒருநாளும் மறக்கமாட்டார். நான் இன்றும் என் மாணவர்களிடம் கிராஃப் தாள்தான் கேட்கிறேன்.

ஆக, ஒரு கரு ஸ்பின்னைச் சுமக்க இரண்டு வழி. கூட்டமாகக் குட்டிக்கரணம் போடலாம். அல்லது நாலைந்து துகள்கள் மட்டும் இணையைப் பிரித்துக்கொண்டு, நாவல்பழத்தின் நீள அச்சைச் சுற்றி ஓடலாம். இரண்டாவது வழியில் அச்சின் திசையில் சேரும் ஸ்பின்னுக்கு கே என்று பெயர். முதல் வழியில் அந்த அச்சின் மீது ஸ்பின் விழுவதே இல்லை, கே சுழியம். ஒரு வழியில் சுழலும் கரு மற்ற வழிக்கு மாற வேண்டும் என்றால் ஸ்பின்னின் திசையே முழுவதும் புரள வேண்டும். ஒரு காமா கதிர் சுமந்து போகக்கூடிய ஸ்பின்னோ ஒன்று, இரண்டுதான். எனவே வழி அடைபடுகிறது. கரு மேலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதுதான் கே-ஐசோமர்.

ஹாஃப்னியம்-178-இல் எட்டு மைனஸ் என்று ஒரு நிலை உண்டு. அதன் ஸ்பின்னும் எட்டு, கே-யும் எட்டு. மைனஸ், ப்ளஸ் என்பது பாரிட்டி. அதிலிருந்து, கீழே அடிப்படைப் பேண்டில் இருக்கும் எட்டு ப்ளஸ் நிலைக்கு 89 கே.ஈ.வி. இறக்கம். சாதாரணக் கரு ஒன்றில் இப்படிப்பட்ட இறக்கம் ஒரு பிகோ நொடிக்கும் குறைவில் முடிந்துவிடும். இங்கே 4 நொடி ஆகிறது. பத்து லட்சம் கோடி மடங்குத் தாமதம். கே எட்டிலிருந்து சுழியத்துக்கு இறங்க வேண்டும், கதிர் கொண்டுபோவது ஒன்றே ஒன்று, மிச்சம் ஏழு. மிச்சப்படும் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய நூறு மடங்குத் தாமதம் என்பது எங்கள் துறையின் வாய்க்கணக்கு. பெருக்கிப் பாருங்கள், அளவு கிட்டத்தட்டச் சரியாக வரும். இவ்வளவு கரடுமுரடான ஒரு கணக்கு இத்தனை சுழியங்களுக்கு அப்பால் போய்ச் சரியாக உட்காருவதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

அதே கருவில் இன்னும் மேலே, 2,446 கே.ஈ.வி.-யில், பதினாறு ப்ளஸ். இரண்டு புரோட்டான்கள் சேர்ந்து எட்டு, இரண்டு நியூட்ரான்கள் சேர்ந்து எட்டு. நான்கே துகள்கள். அரை ஆயுள் 31 ஆண்டு.

என் முதல் பீம் டைமுக்கு, அதாவது முடுக்கியில் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்கு, வருகிறேன். எங்கள் நாட்டில் இந்த வேலைக்கென்று இங்கா என்ற காமா டிடெக்டர் அணி உண்டு. பல நிறுவனங்கள் தத்தம் க்ளோவர் டிடெக்டர்களைக் கூட்டாகச் சேர்த்து அமைத்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா என்று மூன்று ஊர்களின் முடுக்கிகளுக்கும் முறை வைத்துப் போய்வருகிறது. ஒரு க்ளோவருக்குள் நான்கு ஜெர்மேனியப் படிகங்கள். ஒன்றில் பட்டுச் சிதறிய காமா பக்கத்துப் படிகத்தில் விழுந்தால் இரண்டு ஆற்றலையும் கூட்டிக்கொள்ளலாம். படிகம் எப்போதும் திரவ நைட்ரஜன் குளிரில் இருந்தாக வேண்டும். இரவு ஷிஃப்டில் நைட்ரஜன் நிரப்பும்போது குழாய்களில் உறைபனி பூத்து, தரையெங்கும் வெள்ளைப் புகை தவழும். கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் பல கோடி நிகழ்வுகள் சேரும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவற்றோடுதான் குடித்தனம்.

அந்தப் பழைய மின்னணு அமைப்பில் இரண்டு காமாக்கள் இருநூறு நானோ நொடி இடைவெளிக்குள் வந்தால்தான் ஜோடி என்று பதிவாகும். அந்தக் குறுகிய ஜன்னலுக்குள், மோதல் நடந்து 15 நானோ நொடி கழித்து வந்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். 596 கே.ஈ.வி.-யில் கம்பமாக ஒரு கோடு. உடனே வந்த கதிர்களின் நிறமாலையில் அது அத்தனை பெரிதாக இல்லை. தாமதமாக வருகிறது, வலுவாக வருகிறது, எந்தப் புத்தகத்திலும் ஹாஃப்னியத்துக்குக் கீழே இல்லை. புது ஐசோமர்! மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. நிலைப்படம் வரைந்து, அதற்கு ஸ்பின் கொடுத்து, எந்த நியூட்ரான் எந்தப் பாதையில் என்றுகூட எழுதிவிட்டேன்.

சார் நிலைப்படத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கோட்டை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கச் சொன்னார்.

"வலது பக்கத்தைப் பாரும்மா."

இடது பக்கம் செங்குத்தாக இருந்தது. வலது பக்கம் மணல் சரிந்ததுபோல் நீண்டு சாய்ந்திருந்தது. "இப்ப 691-க்குப் போ." அங்கேயும் ஒரு கோடு, அதே சாய்வோடு.

அது ஹாஃப்னியமே இல்லை. டிடெக்டரின் ஜெர்மேனியம். மோதலில் உதிர்ந்த நியூட்ரான்கள் படிகத்தில் பட்டு, ஜெர்மேனியம்-74-ஐக் கிளர்த்தி 596-ஐயும், ஜெர்மேனியம்-72-ஐக் கிளர்த்தி 691-ஐயும் எழுப்புகின்றன. அடிபட்ட ஜெர்மேனியக் கரு பின்வாங்கும் ஆற்றலும் அதோடு சேர்வதால்தான் வலப்பக்கச் சரிவு. காமா ஒரு நானோ நொடியில் வந்து சேரும் தூரத்தை நியூட்ரான் கடக்கப் பதினைந்து, இருபது நானோ நொடி ஆகும். அதனால்தான் தாமதமாக வந்ததுபோல் தெரிந்தது. மனது உடைந்துபோனது. ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு கோட்டின் உயரத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. தோளைத்தான் பார்க்கிறேன்.

அந்த அடி இன்னொரு தவற்றுக்கும் காரணமாகிவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். தாமதமாக வருவதெல்லாம் நியூட்ரான் குப்பை என்று மனதில் பதிந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகள் உயர் ஸ்பின் பேண்டுகளிலேயே மூழ்கி, கருவை எப்போதும் ஓடவிட்டேன். முப்பது, நாற்பது என்று ஸ்பின் ஏறுவது ஒரு போதை. 1986-இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் பீட்டர் ட்வின் குழு டிஸ்ப்ரோசியம்-152-இல் 47 கே.ஈ.வி. இடைவெளியில் பத்தொன்பது கோடுகளை வரிசையாகக் கண்டு, ஸ்பின் அறுபது வரை போனது. நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கான கரு அது. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மேலே போவதுதான் கௌரவமாகத் தோன்றியது.

என்னைத் திருப்பியது டிஜிட்டல் பதிவு. மும்பையின் டி.ஐ.எஃப்.ஆர். ஆய்வு நிறுவனத்தில் இங்கா அணிக்கு நொடிக்குப் பத்துக்கோடி முறை மாதிரியெடுக்கும் கருவிகளை வைத்தார்கள். ஒவ்வொரு படிகமும் பார்க்கும் ஒவ்வொரு கதிருக்கும் பத்து நானோ நொடி நுணுக்கத்தில் ஒரு நேரமுத்திரை. ஜோடியா இல்லையா என்பதை முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து தேடலாம். டார்கெட் லேப் அக்காவிடம் போய், கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "இந்தத் தடவை உட்காரட்டும் அக்கா."

ஹாஃப்னியம்-174-இல் எட்டு மைனஸ் ஐசோமரின் அரை ஆயுள் சுமார் 2.4 மைக்ரோ நொடி என்பது எப்போதோ அளக்கப்பட்டுவிட்டது. நான் அதைத்தான் முதலில் தேடினேன். தெரிந்ததைக் காணாமல் தெரியாததைத் தேடக் கூடாது. ஐசோமருக்கு மேலே இருக்கும் பேண்டின் கதிர் ஒன்றைப் பிடித்தேன். அடுத்த பத்து மைக்ரோ நொடிக்குள் எதெல்லாம் வருகிறது என்று பார்த்தேன். அடிப்படைப் பேண்டின் கோடுகள் வரிசையாக, சுத்தமாக எழுந்தன. வலப்பக்கச் சரிவு எதிலும் இல்லை. கால இடைவெளிகளை மடக்கைத் தாளில் வைத்தபோது புள்ளிகள் நேர்கோட்டில் இறங்கின. சாய்விலிருந்து கணக்கிட்டேன். 2.4. எனக்கு முன்பே உலகம் அறிந்த விடைதான். ஆனாலும் மேசையை விட்டு எழுந்து வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். இருநூறு நானோ நொடி ஜன்னலுக்கு வெளியே இத்தனை காலமும் இது வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

பேண்ட் நமக்குக் கூட்டத்தைக் காட்டும், ஆட்களைக் காட்டாது. ஐசோமர் ஆட்களைக் காட்டுகிறது. எந்த நியூட்ரான், எந்தப் புரோட்டான், எந்தப் பாதையில் என்று பெயர் சொல்லி அழைக்கலாம். உயர் ஸ்பின்னில் எத்தனையோ பேண்டுகளை அடுக்கிய பிறகும் எனக்குக் கிடைக்காத நிச்சயம் அதில் கிடைத்தது.

வெளியுலகம் ஐசோமரைக் கேள்விப்பட்டதெல்லாம் வேறு காரணத்துக்காக என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு. ஹாஃப்னியம்-178-இன் 31 ஆண்டு ஐசோமர் ஒரு கிராம் இருந்தால் அதற்குள் 130 கோடி ஜூல் அடைந்திருக்கும். பல் மருத்துவர் வைத்திருக்கும் வகை எக்ஸ்ரே கருவியால் அதைச் சீக்கிரமே திறந்துவிடலாம் என்று 1999-இல் டெக்சாஸ் குழு ஒன்று அறிவித்தது. ராணுவ ஆர்வம் கிளம்பியது, ஹாஃப்னியம் குண்டு என்று கட்டுரைகள் வந்தன. 2001-இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் அதைவிடப் பல மடங்கு வலிமையான எக்ஸ்ரே கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். எதுவும் திறக்கவில்லை. அந்தச் சில ஆண்டுகளில் ஐசோமர் என்று ரயிலில் யாரிடமாவது சொன்னால் குண்டா என்றுதான் கேட்டார்கள். நான்கு துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு 31 ஆண்டு நிற்பது குண்டைவிடச் சொல்லத்தகுந்த செய்தி என்று நான் நம்புகிறேன்.

இப்போது ஐசோமரைப் பற்றி வேறு இடத்திலிருந்து கேட்கிறார்கள். கல்லூரித் தோழி ஒருத்தி அணு மருத்துவத்தில் இருக்கிறாள். புற்றுநோய்க்கு லுட்டீஷியம்-177 கொடுக்கிறார்கள், அரை ஆயுள் 6.65 நாள். இரண்டு மூன்று மாதத்தில் கழிவுத்தொட்டி அடங்கிவிட வேண்டும். "அடங்கமாட்டேங்குதுடி, அடியில ஏதோ இருந்துக்கிட்டே இருக்கு" என்று போனில் சொன்னாள். நிறமாலையை அனுப்பச் சொன்னேன். 208-இல் லுட்டீஷியத்தின் வழக்கமான கோடு. அதோடு 228, 378, 418. பார்த்ததும் தெரிந்துவிட்டது. லுட்டீஷியம்-177-இன் ஐசோமர், அரை ஆயுள் 160 நாள். லுட்டீஷியம்-176-ஐ அணுஉலையில் வைத்து நியூட்ரான் ஊட்டித் தயாரித்தால் மிகச் சிறிய அளவில் இதுவும் கூடவே உண்டாகும். யிட்டர்பியம்-176 வழியாகத் தயாரித்தால் இது இருக்காது. அந்த ஐசோமரின் ஸ்பின் இருபத்து மூன்றின் பாதி. ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான். அந்த இரண்டு நியூட்ரான்களும், ஹாஃப்னியத்தின் பதினாறு ப்ளஸ்ஸில் எட்டைச் சுமக்கும் அதே ஜோடி, அதே பாதைகள். தோழிக்கு வேண்டியது அரை ஆயுளும் பாதுகாப்பு விதியும்தான், அதைத்தான் முதலில் சொன்னேன். ஆனால் ஜோடியைப் பற்றியும் சொல்லாமல் போனை வைக்க மனம் வரவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

போன மாதம் டார்கெட் லேபில் என் மாணவி முதன்முதலாக ஃபாயில் உருட்டினாள். அக்கா ஓய்வு பெறப் போகிறார், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இடைவெளியைச் சட்டுனு குறைக்காதம்மா" என்று மட்டும் அடிக்கடி சொன்னார். நான் மேசையோரத்தில் கிடந்த டாண்டலம் படகைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்கையில் கிடைக்கும் டாண்டலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு டாண்டலம்-180. அது அத்தனையும் ஐசோமர். ஒன்பது மைனஸ், 77 கே.ஈ.வி. உயரத்தில். கீழே இருக்கும் அதன் தரைநிலையின் அரை ஆயுள் எட்டு மணி நேரம்தான். மேலே இருப்பதோ, பூமி உருவாவதற்கு முன்பு எந்த நட்சத்திரத்திலோ கிளர்ந்தது, இன்னும் இறங்கவில்லை. இறங்குவதைப் பார்க்க பாதாள ஆய்வகங்களில் காத்திருக்கிறார்கள், இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு கிராம் டாண்டலத்தில் அப்படி ஏறக்குறைய நாலாயிரம் கோடிக் கோடி கருக்கள் இருக்கின்றன.

"மேடம், ஃபாயில் வந்துடுச்சு" என்றாள் மாணவி. படகை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.